மாசாய் மாரா போகிறீர்களா? விமான டிக்கெட்டைக் கடைசியில் எடுங்கள்

திருச்சியிலிருந்து நாங்கள் நான்கு பேர் கிளம்பினோம். நான், என் கணவர், பன்னிரண்டு வயது மகன், அறுபத்தாறு வயது அப்பா. கென்யாவில் ஆறு இரவுகள், அதில் மூன்று நாள் மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகம். பார்த்ததில் ஒரு குறையும் இல்லை. ஆனால் போவதற்கு முந்தைய இரண்டு மாதம் வீட்டில் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை. காரணம் ஒன்றுதான். வேலைகளை வரிசை மாற்றிச் செய்துவிட்டோம். விலை குறைவாக இருக்கிறதே என்று முதலில் விமான டிக்கெட் எடுத்தோம். பிறகு தங்குமிடமும் வண்டியும். தடுப்பூசி நினைவுக்கு வந்தபோது கிளம்ப மூன்று வாரம்கூட இல்லை.

இன்னொரு முறை போனால் எந்த வரிசையில் செய்வேனோ, அந்த வரிசையில் எழுதியிருக்கிறேன். டாலருக்கு 88 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். நீங்கள் படிக்கும் நாளில் அது மாறியிருக்கும், திருத்திக்கொள்ளுங்கள்.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

நம் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை ஏப்ரல், மே. கென்யாவில் மார்ச் கடைசியிலிருந்து மே வரை பெருமழைக் காலம். மாராவின் மண் பெரும்பாலும் நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மாதிரிதான். ஈரம் பட்டால் சக்கரத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். புல் ஆளுயரம் வளர்ந்து விலங்குகளை மறைத்துவிடும். மே மாதத்தில் அறை வாடகை பாதியாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

வில்டபீஸ்ட் என்னும் மாடு போன்ற பெரிய மான்களின் கூட்டம் மாரா ஆற்றைக் கடக்கும் காட்சிதான் வேண்டும் என்றால் ஜூலை கடைசி முதல் அக்டோபர் தொடக்கம் வரை. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வில்டபீஸ்ட்களும் அவற்றோடு வரிக்குதிரைகளும் தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து மேய்ச்சலைத் தேடி வடக்கே வருகின்றன. காலாண்டுத் தேர்வு விடுமுறை இந்தக் காலத்துக்குள் வரும். ஒரு வாரம்தான் கிடைக்கும் என்றாலும் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு அதுதான் சரியான சமயம். நாங்கள் போனதும் அப்போதுதான்.

ஆற்றைக் கடப்பது பொருட்டில்லை, சிங்கம், யானை, சிறுத்தையைப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு ஜனவரியும் பிப்ரவரியும் நல்ல மாதங்கள். மழை அதிகம் இருக்காது, வண்டிக் கூட்டம் குறைவு, நுழைவுக் கட்டணமும் பாதி. அந்தப் பாதி எவ்வளவு பெரிய தொகை என்பதை மூன்றாவது படியில் சொல்கிறேன்.

2. தடுப்பூசிக்கு முதலில் தேதி வாங்குங்கள்

நாங்கள் மாட்டிக்கொண்டது இங்கேதான். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

போட வேண்டியது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. மஞ்சள் காமாலைக்குப் போடும் ஹெபடைடிஸ் ஊசி வேறு, இது வேறு. பெயர்க் குழப்பத்தில் எங்கள் தெரு மருந்துக்கடையில் விசாரித்து இரண்டு நாள் வீணாயிற்று.

"இந்தியாவிலிருந்து வருபவர்களிடம் கென்யா இந்த ஊசியைக் கேட்பதில்லை, போட வேண்டாம்" என்று நாங்கள் பேசிய ஒரு பயண முகவர் சொன்னார். முதல் பாதி உண்மை. இந்தியா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு இல்லை, அதனால் நேராக இங்கிருந்து போனால் கென்யா கேட்காது. ஆனால் திரும்பி வரும்போது இந்தியா கேட்கும். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் கென்யா இருக்கிறது. அங்கிருந்து வருபவரிடம் செல்லுபடியாகும் சான்றிதழ் இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த நம் சுகாதார அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. இது தெரிந்ததால் போகும்போதே விமான நிறுவனத்தாரும் சான்றிதழாகத் தரப்படும் அந்த மஞ்சள் புத்தகத்தைக் கேட்பதுண்டு. எங்களிடம் கேட்டார்கள்.

சான்றிதழ் ஊசி போட்ட அன்றே செல்லுபடியாகாது. பத்து நாள் ஆக வேண்டும். அதன்பின் ஆயுள் முழுவதும் செல்லும். 2016க்குப் பிறகு பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வழக்கம் இல்லை.

எந்த மருத்துவமனையில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள முடியாது. மத்திய அரசு அங்கீகரித்த மையங்களில் போட்டால்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையமும் துறைமுக சுகாதார அலுவலகமும் தெரிந்த இடங்கள். முழுப் பட்டியல் சுகாதார அமைச்சகத்தின் தளத்தில் கிடைக்கும். வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில், முன்பதிவு செய்தவர்களுக்குத்தான் போடுவார்கள். அதற்குக் காரணம் உண்டு. ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும். அதைக் கலக்கிவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சம் வைக்க முடியாது. ஆகவே கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே தேதி வாங்கிவிடுங்கள். வெளியூர்க்காரர்கள் ரயில் டிக்கெட்டையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும்.

எடுத்துப் போக வேண்டியவை: அசல் பாஸ்போர்ட், அதன் நகல், தினமும் சாப்பிடும் மருந்துகளின் சீட்டு. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு முதல்முறை போடும்போது கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அவர்கள் கட்டாயம் தங்கள் மருத்துவரிடம் பேசி, எழுத்தில் வாங்கிப் போக வேண்டும். முட்டை ஒவ்வாமை கடுமையாக இருப்பவர்கள், கர்ப்பிணிகள், புற்றுநோய் சிகிச்சை அல்லது எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் ஆகியோரும் அப்படியே. இது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்தித் தயாரித்த ஊசி. தட்டம்மை ஊசி போன்ற இன்னொரு உயிர்த் தடுப்பூசியைப் போட்டிருந்தால் நான்கு வாரம் இடைவெளி வேண்டும்.

நாங்கள் போன அன்று அப்பாவுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. ஊசி போடும் மருத்துவர் மறுத்துவிட்டார். அவர் செய்தது சரிதான். எங்கள் மூவருக்கும் போட்டாயிற்று, அப்பா வெறுங்கையோடு திருச்சிக்குத் திரும்பினார். மாத்திரையை மாற்றி, மறுபடி தேதி வாங்கி, மறுபடி சென்னை போய் அவர் போட்டுக்கொண்டபோது கிளம்பப் பதினொரு நாள்தான் இருந்தது. அந்த மையத்தில் அதற்கடுத்த வாரம்தான் தேதி கிடைத்திருந்தால் அப்பாவை விட்டுவிட்டுப் போயிருப்போம், அல்லது யாருமே போயிருக்க மாட்டோம்.

புத்தகம் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று சரிபாருங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா, பாஸ்போர்ட் எண் சரியா, மருந்தின் தொகுப்பு எண், கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

உடல்நிலை காரணமாக வீட்டில் ஒருவர் இந்த ஊசியைப் போடவே முடியாது என்றால் என் யோசனை: கென்யாவை விட்டுவிடுங்கள், தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவுக்குப் போங்கள். தென்னாப்பிரிக்கா அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் போகும் வழியில் நைரோபியிலோ அடிஸ் அபாபாவிலோ விமானம் மாறாதபடி டிக்கெட் எடுங்கள். மருத்துவ விலக்குக் கடிதத்தை மட்டும் நம்பிப் போனால் தனிமைப்படுத்துவதிலிருந்து தப்ப முடியும் என்று உறுதி இல்லை.

மலேரியாவுக்குப் பயணிகளுக்கென்று தடுப்பூசி இல்லை, மாத்திரைதான். மாராவில் மலேரியா உண்டு. எந்த மாத்திரை என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். டாக்ஸிசைக்ளின் என்றால் திரும்பி வந்த பின்னும் நான்கு வாரம் தொடர வேண்டும், எட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தர மாட்டார்கள். அட்டோவகுவோன்–புரோகுவானில் கூட்டு மாத்திரை விலை அதிகம், ஆனால் திரும்பிய பின் ஏழு நாளோடு முடிந்துவிடும். இரண்டையும் காட்டுக்குள் போவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்க வேண்டும்.

3. நுழைவுக் கட்டணத்தை நீங்களே கணக்குப் போடுங்கள்

சஃபாரிச் செலவில் பெரிய பங்கு அறை வாடகை என்று நினைத்திருந்தேன். இல்லை. மாசாய் மாரா தேசியக் காப்பகத்தில் வெளிநாட்டவர் ஒருவருக்கு, ஒரு நாளுக்கு, ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர். ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். 9 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு 50 டாலர். இந்தக் கட்டணம் 2024இல் வந்தது. பழைய பயணக் குறிப்புகளில் 70, 80 டாலர் என்று படித்துவிட்டுப் பட்ஜெட் போட்டால் காடு வாசலில் நிற்கும்போது மயக்கம் வரும்.

எங்கள் கணக்கு: பெரியவர்கள் மூவர், சிறுவன் ஒருவன். ஒரு நாளுக்கு 650 டாலர், அதாவது 57,200 ரூபாய். மூன்று நாளுக்கு 1,950 டாலர். 1,71,600 ரூபாய், வாசல் கட்டணம் மட்டும்.

இதில் நாங்கள் செய்த பிழையைப் பாருங்கள். டிக்கெட் காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரைதான். முன்பு போல 24 மணி நேரம் இல்லை. முகவர் தந்த திட்டம் "மூன்று பகல், இரண்டு இரவு". நைரோபியிலிருந்து காலை உணவுக்குப் பின் கிளம்பி, வழியில் நாரோக் ஊரில் சாப்பிட்டு, காப்பகத்தின் செக்கெனானி வாசலை எட்டும்போது மணி நான்கு. "மாலைச் சவாரி" என்று உள்ளே அழைத்துப் போனார்கள். இரண்டு மணி நேரச் சவாரிக்கு முழு நாள் கட்டணம். மூன்றாம் நாள் காலையும் அதே கதை. காப்பகத்துக்குள் தங்குபவர்கள் கிளம்பும் நாளில் பத்து மணிக்குள் வெளியேறிவிட்டால் அந்த நாளுக்குக் கட்டணம் இல்லை. நாங்கள் வாசலுக்கு வெளியே தங்கியிருந்தோம், அந்தச் சலுகை கிடையாது. மூன்று நாள் கட்டணம் கட்டினோம், முழுமையாக அனுபவித்தது நடு நாளை மட்டும்.

வெளியே தங்குபவர்கள் செய்ய வேண்டியது இது. வந்து சேரும் நாளில் உள்ளே போகாதீர்கள். முகாமில் ஓய்வெடுங்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் காலை ஆறு மணிக்கு வாசலில் நின்று, மாலை ஆறு வரை முழுதாக உள்ளே இருங்கள். நான்காம் நாள் காலை நைரோபிக்குக் கிளம்புங்கள். ஒரு இரவு வாடகை கூடும், ஆனால் எங்கள் குடும்பக் கணக்கில் 650 டாலர் மிஞ்சியிருக்கும், காட்டில் இருந்த நேரமும் கூடியிருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்தால் டிக்கெட் முடிந்தது, மறுபடி நுழைய இன்னொன்று வாங்க வேண்டும். ஆகவே முந்தின இரவே கட்டுச்சோறு சொல்லி வையுங்கள். மரத்தடியில் வண்டியை நிறுத்திச் சாப்பிட்ட அந்த மதியம்தான் என் மகன் இன்றும் பேசுவது.

உள்ளே தங்கலாமா, வெளியே தங்கலாமா? ஜூலைக்குப் பிறகு என்றால் உள்ளே தங்கும் விடுதிகள் வாடகை கூடுதல்தான். ஆனால் கிளம்பும் நாள் காலைச் சவாரி கட்டணமில்லாமல் கிடைக்கிறது. இரண்டையும் கூட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் தாலெக், செக்கெனானி வாசல்களை ஒட்டிய வெளி முகாம்களே போதும்.

காப்பகத்தை ஒட்டி நபோய்ஷோ, ஓலாரே மோடோரோகி, மாரா நார்த் போன்ற தனிக் காப்பு நிலங்கள் இருக்கின்றன. மாசாய் மக்களின் சொந்த நிலம், குத்தகைப் பணம் அவர்களுக்குப் போகிறது. அங்கே இரவுச் சவாரி உண்டு, நடந்தும் போகலாம். காப்பகத்துக்குள் இரண்டுக்கும் அனுமதி இல்லை. வாடகை மிக அதிகம். கையில் பணம் இருப்பவர்களுக்கு அதுவே மேல் என்பது அங்கே தங்கிய ஒரு குடும்பத்தோடு பேசிய பிறகு எனக்குத் தோன்றியது.

காண்டாமிருகம் பார்க்க நக்கூரு ஏரி, கிளிமஞ்சாரோ பின்னணியில் யானைகள் பார்க்க அம்போசெலி என்று சேர்ப்பீர்கள் என்றால், அவை கென்ய வனவிலங்குத் துறையின் கீழ் வருபவை. கட்டணமும் விதிகளும் வேறு. வாசலில் ரொக்கம் வாங்குவதில்லை, இசிட்டிசன் என்ற அரசு இணையத்தளம் வழியாகக் கட்ட வேண்டும். அன்றைய கட்டணத்தை முகவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

4. வண்டியும் முகவரும்

கூரை மேலே எழும்பும் லேண்ட் குரூசர், அல்லது அதேபோல் கூரை மாற்றிய வேன். வேன் விலை குறைவு. காய்ந்த மாதத்தில் வேனும் போதும். மழையில் போதாது. ஓட்டுநர், டீசல் சேர்த்துத் தனி லேண்ட் குரூசருக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 300 டாலர் வரை எங்களுக்கு விலை சொன்னார்கள். நான்கு பேருக்கு மேல் என்றால் தனி வண்டி எடுப்பது நல்லது. பகிர்வு வண்டியில் ஒருவர் பறவை பார்க்க நிற்கச் சொல்வார், இன்னொருவர் சிங்கத்தைத் தேடிப் போகச் சொல்வார்.

முகவரைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்றைக் கேளுங்கள். கென்யச் சுற்றுலா ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் இருக்கிறதா? கேட்டோ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கென்யப் பயண ஏற்பாட்டாளர் சங்கத்தில் உறுப்பினரா? வரப்போகும் ஓட்டுநர் கென்யத் தொழில்முறை சஃபாரி வழிகாட்டிகள் சங்கத்தின் தேர்வு எழுதியவரா? அந்தச் சங்கம் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று நிலைகளில் சான்று தருகிறது. எங்களுக்கு வந்தவர் வெள்ளி நிலை. தூரத்து மரக்கிளையில் தொங்கிய ஒரு வாலை வைத்துச் சிறுத்தையைக் காட்டினார். அந்தக் கண்ணுக்காகவே வண்டி வாடகையைக் கொடுக்கலாம்.

பிறகு விலைப்பட்டியலில் கீழ்க்கண்டவை சேர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக எழுதிக் கேளுங்கள்: நுழைவுக் கட்டணம் எத்தனை நாளுக்கு, எந்த மாத விலையில், விமான நிலையத்திலிருந்து அழைத்துப் போவது, நைரோபியில் முதல் இரவு, மூன்று வேளை உணவு, குடிநீர். நம் ஊரில் நாங்கள் முதலில் அணுகிய ஒரு நிறுவனம் "எல்லாம் சேர்த்து" என்று ஒரு தொகை சொன்னது. நுழைவுக் கட்டணம் அதில் இல்லை என்பது முன்பணம் கட்டிய பிறகுதான் தெரிந்தது. அந்த முன்பணம் திரும்பவில்லை.

இந்திய முகவர் வழியாகப் போனால் வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகைக்கு டிசிஎஸ் என்று முன்கூட்டியே வரி பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறக்கூடியது. ரசீதில் உங்கள் பான் எண் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

நைரோபியிலிருந்து மாராவுக்குச் சாலை வழி ஐந்து, ஆறு மணி நேரம். வயதானவர்களுக்கு முதுகு வலிக்கும் என்றால் வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறு விமானம் இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதில் பெட்டி எடுத்துப் போக முடியாது. ஆளுக்குப் பதினைந்து கிலோ, அதுவும் துணிப்பையாக இருக்க வேண்டும்.

5. இப்போது விமான டிக்கெட்

தடுப்பூசித் தேதி, வண்டி, தங்குமிடம் மூன்றும் கைக்கு வந்த பிறகு எடுங்கள். சென்னையிலிருந்து நைரோபிக்கு நேர் விமானம் இல்லை. மும்பை, துபாய், தோஹா, அடிஸ் அபாபா வழியாக மாறிப் போக வேண்டும். ஒரே பதிவில் வரும்படி எடுங்கள். மும்பை வரை ஒன்று, அங்கிருந்து வேறொன்று என்று தனித்தனியாக எடுத்தால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதுக்கு யாரும் பொறுப்பில்லை. வந்து இறங்கிய அன்றே காட்டுக்குக் கிளம்பாதீர்கள், நைரோபியில் ஒரு இரவு தங்குங்கள். நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்னால்.

6. மின் பயண அனுமதி

2024 ஜனவரியிலிருந்து கென்யாவுக்கு விசா இல்லை. அதற்குப் பதில் இடிஏ எனப்படும் மின் பயண அனுமதி. கட்டணம் 30 டாலர், அட்டைவழிக் கட்டணம் சேர்ந்தால் கொஞ்சம் கூடும். குழந்தைக்கும் தனி விண்ணப்பம். மூன்று வேலை நாளில் தருவதாகச் சொல்கிறார்கள், எங்களுக்கு இரண்டு நாளில் வந்தது. பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு விண்ணப்பித்தால் பதற்றம் இல்லை.

தேவையானவை: கென்யா போய்ச் சேரும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லும் பாஸ்போர்ட், அதில் வெற்றுப் பக்கம், முகப்படம், போகவர டிக்கெட், தங்குமிட உறுதிக் கடிதம். மாராவில் மட்டுமல்ல, நைரோபியின் முதல் இரவுக்கும் கடிதம் வைத்திருங்கள்.

தேடுபொறியில் தட்டினால் முதலில் வருபவை பெரும்பாலும் தனியார் தளங்கள். அரசுத் தளம் போலவே இருக்கும், 80, 100 டாலர் கேட்கும். அரசுத் தள முகவரி 'ஜிஓ டாட் கேஇ' என்று முடியும். அதைப் பார்க்காமல் அட்டை எண்ணைக் கொடுக்காதீர்கள்.

நம்மவர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு: குடும்பப் பெயர். அப்பாவின் பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலி. படிவம் அதைக் காலியாக விட அனுமதிக்கவில்லை. இரண்டு கட்டத்திலும் அவர் பெயரையே எழுதினோம், அனுமதி வந்தது. எப்படி எழுதினாலும் விமான டிக்கெட், அனுமதி, மஞ்சள் புத்தகம் மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளே இருக்கட்டும். இனிஷியலை ஓரிடத்தில் விரித்தும் ஓரிடத்தில் சுருக்கியும் எழுதாதீர்கள். அச்செடுத்த தாளாகவும் கையில் வையுங்கள்.

7. பணமும் காப்பீடும்

டாலர் நோட்டுகள் புதியவையாக, மடிப்பில்லாமல் இருக்க வேண்டும். பழைய வரிசை நோட்டை முகாம்களில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வாங்கும்போதே பார்த்து வாங்குங்கள். சில்லறைச் செலவுக்கு கென்ய ஷில்லிங் போதும், விமான நிலையத்தில் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். ஓட்டுநருக்கு ஆளுக்கு, நாளுக்குப் பத்து டாலர் அன்பளிப்பு என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அதை முதலிலேயே தனி உறையில் எடுத்து வைத்துவிடுங்கள்.

காப்பீட்டில் விமானம் மூலம் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் செலவு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மாராவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் நல்ல மருத்துவமனை நைரோபியில்தான். அம்ரெஃப் பறக்கும் மருத்துவர்கள் சேவை சுற்றுலாப் பயணிகளுக்கென்றே குறுகியகால உறுப்பினர் திட்டம் வைத்திருக்கிறது. பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதைத் தவிர்க்க வேண்டாம்.

8. பையில் என்ன

ஸ்வெட்டர். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துப் பருத்திச் சட்டைகளோடு போனோம். மாரா கடல்மட்டத்துக்கு 1,500 மீட்டருக்கு மேலே, ஏறக்குறைய ஏற்காட்டு உயரத்தில் இருக்கிறது. விடியற்காலையில் திறந்த கூரை வண்டியில் பல் நடுங்கும். காதுக்குத் துணி, அப்பாவுக்கு மஃப்ளர், எல்லோருக்கும் ஒரு காற்றுத் தடுப்புச் சட்டை வேண்டும்.

பிளாஸ்டிக் பை வேண்டாம். கென்யாவில் 2017 ஆகஸ்டிலிருந்து பாலித்தீன் கைப்பைகளுக்குத் தடை, அபராதம் கடுமை. பொடி, ஊறுகாய், முறுக்கு எடுத்துப் போகும் நமக்கு இது முக்கியம். டப்பாவில் போட்டுத் துணிப்பையில் சுற்றுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலுக்கும் காப்பகங்களில் 2020 முதல் தடை. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

டிரோன் எடுத்துப் போகாதீர்கள். அனுமதியில்லாமல் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ராணுவ உடை போன்ற புள்ளி வண்ணச் சட்டைகளும் வேண்டாம். மண் நிறம், வெளிர் பச்சை நல்லது.

மின்செருகி துபாய், சிங்கப்பூரில் இருப்பது போன்ற மூன்று சதுர முள். பல முகாம்களில் மின்சாரம் சில மணி நேரம்தான், பவர் பேங்க் வேண்டும்.

கேமராவைவிட முக்கியமானது இருநோக்கி (பைனாகுலர்). ஆளுக்கொன்று வேண்டும். நாங்கள் நால்வருக்கு ஒன்று எடுத்துப் போய், ஒவ்வொரு முறையும் கைமாறுவதற்குள் விலங்கு புதருக்குள் போய்விட்டது. பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்கள் ஒரு வெற்றுத் துணிப்பையைத் தைத்து எடுத்துப் போங்கள். நாரோக் கடைகளில் இரண்டு கிலோ அரிசி வாங்கி அதில் நிரப்பிக் கூரை விளிம்பில் வைத்தால் கேமரா அசையாது. கிளம்பும்போது அரிசியை முகாம் சமையலறையில் கொடுத்துவிடலாம்.

சாப்பாட்டைப் பற்றிப் பயம் வேண்டாம். சப்பாத்தியும் பால் டீயும் அங்கே அன்றாட உணவு, பெயரும் சப்பாத்தி, சாய்தான். சைவம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

9. காட்டுக்குள்

விலங்கிலிருந்து 25 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் கூடக் கூடாது, பாதையை விட்டு இறங்கக் கூடாது என்பவை மாராவின் விதிகள். பணம் கட்டியவர்கள் ஓட்டுநரை நெருக்குவதால்தான் இவை மீறப்படுகின்றன. அபராதமும் வேலையிழப்பும் அவருக்கு, நமக்கல்ல. "இன்னும் கிட்டப் போங்கள்" என்று சொல்லாதீர்கள். சிவிங்கி (சீட்டா) பகலில் வேட்டையாடும் விலங்கு. ஒரு தாய்ச் சிவிங்கி மானை நோக்கிப் பதுங்கிக்கொண்டிருந்தபோது எட்டு, ஒன்பது வண்டிகள் நடுவில் புகுந்தன. மான் ஓடிவிட்டது. மூன்று குட்டிகளும் அன்று பட்டினி கிடந்தன என்றுதான் நினைக்கிறேன். எங்கள் ஓட்டுநர் வண்டியைத் திருப்பிவிட்டார், நாங்கள் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஆற்றங்கரையில் காத்திருப்பது தனிக் கதை. கூட்டம் கரைக்கு வரும், முன்னால் நிற்பது தண்ணீரை முகரும், முதலை அசையும், மொத்தமும் திரும்பி ஓடும். நான்கு மணி நேரம் இப்படியே போயிற்று.  இரண்டாம் நாள் பதினொரு மணிக்கு ஒன்று குதித்தது, பின்னால் அத்தனையும் குதித்தன. புழுதியும் சத்தமுமாக இருபது நிமிடம். அப்பா எழுந்து நின்றவர் கடைசிவரை உட்காரவே இல்லை. ஆற்றுக்கென்று ஒரே ஒரு நாள் ஒதுக்கிப் போகிறவர்களுக்கு இது கிடைக்காமலும் போகலாம், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

இயற்கை உபாதைக்கு நினைத்த இடத்தில் இறங்க முடியாது. வெட்கப்படாமல் அரைமணி முன்பே சொன்னால் ஓட்டுநர் பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்துவார். சிறுபிள்ளைகளுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இது பெரிய விஷயம்.

சில சுவாஹிலிச் சொற்களைக் கற்றுப் போங்கள். வானொலியில் ஓட்டுநர்கள் பேசிக்கொள்வது புரியும். சிம்பா சிங்கம், சூயி சிறுத்தை, டூமா சிவிங்கி, டெம்போ யானை, கிஃபாரு காண்டாமிருகம், ட்விகா ஒட்டகச்சிவிங்கி. நன்றிக்கு அசான்டே.

10. திரும்பி வந்த பிறகு

மஞ்சள் புத்தகத்தைப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள், கைப்பையில் பாஸ்போர்ட்டோடு இருக்கட்டும். குடியேற்றப் பிரிவுக்கு முன்பே சுகாதார மேசையில் கேட்பார்கள். அப்பாவுடையதை வாங்கிய பெண் அதிகாரி ஊசி போட்ட தேதியை விரலால் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் முத்திரை வைத்தார்.

மலேரியா மாத்திரையை வீட்டுக்கு வந்ததும் நிறுத்தாதீர்கள், சொன்ன நாள்வரை முடியுங்கள். அடுத்த சில மாதங்களில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் மருத்துவரிடம் முதல் வார்த்தையாகக் கென்யா போய்வந்ததைச் சொல்லி, அன்றே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.